கடனின் நோக்கம்: தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை ஆறு நாள்

முதல் நாள்: தூத்துக்குடி, 2025 ஆகஸ்ட் 25

முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில் கழிந்தது. கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடம் சொல்வதை நான் அந்தக் கட்டத்துக்குள் இரண்டு சொல்லில் அடைத்துவிடுவேன்: ‘கறவை மாடு’, ‘மகள் கல்வி’, ‘கடை விரிவாக்கம்’. கட்டத்தில் அடங்காமல் அவர்கள் சொன்னவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. ஆகவே ஆறு நாள் பேருந்திலேயே சுற்றி, வழியில் வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம் பேசி, அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவது என்று கிளம்பியிருக்கிறேன். பெயர் கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை என்ற இரண்டு விதிகளை மட்டும் எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

காலை 5 மணிக்கு உப்பளத்தின் அருகே ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அங்கே வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைத்துவிடும் என்பதால் இருட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், காலில் பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டு, நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை வாரி வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை இழுபடும்போது எழும் ஓசை, சிமெண்டுத் தரையில் சரளைக் கல்லைத் தள்ளுவது போன்றிருந்தது.

வரப்பில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்த ஓர் அம்மாவிடம், நாற்பத்தைந்து வயதிருக்கும், “உங்களுக்கு என்ன ஆசை இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் பக்கத்திலிருந்தவரின் தோளில் தட்டிச் சிரித்தார். “ஆசப்படுத வயசா அண்ணாச்சி இது?” எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆசை என்ற சொல்லுக்கு நம் வழக்கில் ஒரு குறும்பும் கொஞ்சம் குற்றமும் ஒட்டிக்கொண்டிருப்பதை மறந்து, மேடையில் இருப்பவன் மாணவனைக் கேட்பது போலக் கேட்டுவிட்டேன். பிறகு கேள்வியை மாற்றி, இந்த வேலையில் எது மாறினால் உங்களுக்கு நல்லது என்றேன். கூலி என்பார், நிழல் என்பார், குடிநீர் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொலைவில் கங்காணியின் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினார்.

“டிகிரி பாக்க வேலய எங்கிட்ட குடுத்தா நல்லாருக்கும்.”

கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ முதலில் தெப்பத்தில் தேக்கப்படுகிறது. அப்போது அதன் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரி போல இருக்கும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க அது ஏறி, 24, 25 டிகிரியை எட்டும்போது பாத்தியில் உப்பு விளையத் தொடங்குகிறது. 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து சரக்கு கசக்கும். ஆகவே எப்போது எந்தப் பாத்திக்கு நீரைத் திறப்பது, எப்போது மிஞ்சிய நீரை வெளியேற்றுவது என்பதைத் தீர்மானிப்பவர்தான் உப்பைத் தீர்மானிப்பவர். இந்த அளத்தில் அந்த வேலை ஆண்களுக்கு மட்டுமே. வாருவதும் சுமப்பதும் பெண்களுக்கு.

“இருபத்தெட்டு வருசமா கால வச்சிட்டு நிக்கேன். எண்ண மாதிரி வழவழன்னு ஆனா எத்தன டிகிரின்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்டவர், எழுந்துபோய்ப் பக்கத்துப் பாத்தியில் காலை விட்டுப் பார்த்து 21 என்றார். கங்காணி விளையாட்டாகக் குழாயை மிதக்கவிட்டார். 22 காட்டியது. அவர் சிரித்தார், அந்த அம்மா சிரிக்கவில்லை. “குளுரு நேரம் மீட்டரு கூடத்தான் காட்டும். வெயில் வந்த பொறவு பாருங்க.” இது சரிதான். குளிர்ந்த நீர் சற்று அடர்த்தியாக இருப்பதால் மிதவை கூடுதலாகவே காட்டும். மீட்டரை ஒரு நாளும் கையில் பிடிக்க விடப்படாத ஒருவர் மீட்டரின் குறையை அறிந்திருக்கிறார்.

மகளைப் பற்றி அவர் தானாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். பாலிடெக்னிக் முடித்திருக்கிறாள், இந்த ஆகஸ்ட் 4 அன்று சிப்காட்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். “கெடைச்சா போவா. அது அவ பாடு” என்று முடித்துவிட்டார். என் பழைய கட்டத்தில் இந்த அம்மாவை நான் ‘மகள் கல்வி’ என்று எழுதி முடித்திருப்பேன், அந்தக் கண்ணாடிக் குழாய் அதில் எங்கும் வந்திராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இங்கே வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தை அவர்கள் இன்னும் நாள் கணக்கோடு சொல்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து ஓடிப் பாத்திகளில் சேறு மண்டியது. “கரைஞ்சது மொதலாளி உப்பு. போனது எங்க மூணு மாசம்.”

இரண்டாம் நாள்: உடன்குடி, ஆகஸ்ட் 26

திருச்செந்தூரில் பேருந்து மாறி உடன்குடி வந்தேன். பதநீர்ப் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அரிவாள்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பாளை சீவும் அரிவாள் ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் பேசத் தொடங்கிவிட்டார்: பனை நம் மாநில மரம், பனையேறிகளுக்கு ஓய்வூதியம் வேண்டும், மரத்தை வெட்டுகிறவர்களைத் தடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமானது, ஆனால் மனப்பாடமாக வந்தது. என்னை அரசு அதிகாரி என்றோ பத்திரிகைக்காரன் என்றோ நினைத்திருக்கிறார். அந்நியனிடம் யாரும் முதலில் சொல்வது அந்நியனுக்கென்று வைத்திருக்கும் பேச்சைத்தான். நான் ஓய்வு பெற்ற வங்கிக்காரன் என்று சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. அதற்குப் பதில் ஒரு வங்கி தன்னை ஆறு முறை அலையவிட்ட கதை வந்தது. அது நான் வேலை பார்த்த வங்கி இல்லை என்பதில் எனக்கு அற்பமான ஒரு நிம்மதி.

உண்மையான பேச்சு அதற்குப் பிறகு தொடங்கியது. பருவத்தில் நாளொன்றுக்கு நாற்பது மரம் ஏறியவர் இவர். காலையில் பதநீர் இறக்க ஒரு முறை, மாலையில் பாளை சீவ மறுமுறை. இறக்கிய பதநீரை மனைவி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார். இந்த ஓட்டமெல்லாம் ஒரே மகனைத் தொழிலிலிருந்து வெளியே அனுப்புவதற்காக. மகன் படித்தான், திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் கணக்கு எழுதினான், போன வருடம் திரும்பிவந்து பனையேறும் தளைநாரை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டான். சீனி கலக்காத கருப்பட்டியை மட்டும் காய்ச்சி, கைபேசி வழியாக ஆர்டர் வாங்கி, கூரியரில் அனுப்புகிறான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்றாலும், சந்தையில் சீனி கலந்ததுதான் மலிவாகக் கிடைத்து முன்னே ஓடுகிறது. மகன் அதோடு மோத நினைக்கிறான்.

“அவன் ஏறக் கூடாதுன்னுதான் நான் ஏறுனேன்” என்றார் பெரியவர்.

மகனைச் சந்தித்தேன். முப்பது வயதுக்குள் இருப்பார். அட்டைப்பெட்டியில் கருப்பட்டிக்கு நடுவே காய்ந்த ஓலைத் துண்டுகளைச் செருகிக்கொண்டே பேசினார். “நான் மரத்தில ஏறுறதுதான் எங்கப்பாவுக்குத் தெரியுது சார். எம் பேருல சரக்குப் போறது தெரியல.” அப்பாவின் கனவு வேறு திசையில் இருக்கிறது. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராக ஏவலாம். அந்தக் கம்பிவேலிக்குள் மகனுக்கு ஒரு காவலாளி வேலையாவது கிடைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். “சீருடை போட்டு நிமிந்து நிக்கலாம்லா” என்றார். நிமிர்தல் என்ற சொல்லை அவர் மூன்று முறை சொன்னார். மரத்தில் ஏறுகிறவன் முதுகு வளைந்துதான் ஏற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் மகன் பக்கமே என் மனம் சாய்ந்தது என்பதையும், அந்தச் சாய்வு முப்பது வருடம் நாற்பது மரம் ஏறாதவனுக்கு எளிதாக வருவது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

மூன்றாம் நாள்: கோவில்பட்டி, ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. திருநெல்வேலி வழியாகக் கோவில்பட்டி வந்துசேரவே பகல் போய்விட்டது. பேருந்தில் எல்லோரும் குடும்பத்தோடு இருந்தார்கள். பேச்சுக் கொடுக்க ஆளில்லை.

தங்கிய விடுதியில் மட்டும் ஒருவர் விடுமுறையிலும் வேலை செய்துகொண்டிருந்தார். மாடிப்படிச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பீகார் இளைஞர். வந்து மூன்று வருடம் ஆகிறது என்றார். தமிழ் சரளமாக வருகிறது. முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் எது என்று கேட்டேன். “நாளைக்கு” என்றார் உடனே. முதல் மேஸ்திரியிடம் ஒவ்வொரு நாளும் கூலி கேட்டபோது கிடைத்த பதில் அது. இப்போது அவருக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். தானும் அவர்களிடம் சில நாள் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தகட்டை மறுபடியும் மாவில் தேய்த்தார். தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு ஊருக்குப் போவாராம். திரும்பும்போது தம்பியையும் அழைத்துவருவாராம்.

இரவுக் காவலாளியிடமும் பேசினேன். எழுபதை நெருங்கியவர். “ஒண்ணுமில்ல சார். படுத்தா தூக்கம் வரணும், அவ்வளவுதான்” என்றார். கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டும் வேறு பதில் வரவில்லை. எல்லோரிடமும் ஏதோ ஒரு நம்பிக்கை ஒளிந்துகிடக்கும் என்று நினைத்துக்கொண்டு தோண்டுவது ஒரு வகை அத்துமீறல் என்று பட்டதால் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள்: கோவில்பட்டி, ஆகஸ்ட் 28

இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ். வெடி செய்யும் இடம் வெடி ஆபீஸ். “ஆபீஸ் போயிருக்கா” என்று ஒரு தாய் சொன்னால், மகள் மருந்து நெடியில் குச்சி அடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். இந்தச் சொல்லை இங்கே முதலில் வழங்கியவர் யாரோ தெரியாது, வேலையை அவர் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்.

பாதி எந்திரம், பாதி கை என்று ஓடும் ஒரு சிறிய ஆபீஸில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வட்டமாக அமர்ந்து பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குவியலிலிருந்து ஒரு பிடி எடுக்கிறாள், எண்ணுவதில்லை, உள்பெட்டியில் வைத்து ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் குச்சிகள் எல்லாம் தலை ஒருபக்கமாகப் படுத்துக்கொள்கின்றன, ஒன்றிரண்டு மிஞ்சினால் சுண்டுவிரல் அதைத் தள்ளிவிடுகிறது. வட்டத்தின் நடுவே ஒரு கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பாட்டு ஓடுகிறது என்று நினைத்தேன். இல்லை.

“ஆர்கலி?” என்று ஒருத்தி படித்தாள்.

“கடல்” என்று இரண்டு குரல்கள்.

“வெற்பு?”

“மலை.”

குரூப் 4 தேர்வு. ஜூலை 12 அன்று நடந்தது. அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள். எழுதியவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 200 கேள்விகளில் 100 தமிழுக்கு என்பதால், பள்ளிப் புத்தகத்தின் சொற்பொருளை இப்படி வேலையோடு வேலையாக உருப்போடுகிறார்கள். அந்த வட்டத்தில் தேர்வு எழுதியவள் ஒருத்தி மட்டுமே. மற்றவர்கள் அவளுக்காகக் கேள்வி கேட்டுக் கேட்டு, இப்போது தாங்களும் பதில் சொல்லப் பழகியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. தேர்வுதான் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். “இது வரலன்னா அடுத்ததுக்கு” என்றாள். மூன்றாவது முறை எழுதியிருக்கிறாள். எத்தனை சரியாக இருக்கும் என்று கேட்டதற்கு 158 என்றாள். கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று என்னைத் திரும்பக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் காலத்தில் வங்கித் தேர்வு எழுதி முதல் முறையே உள்ளே போனவன் நான். அதை என் திறமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

10 லட்சம் பேருக்கு 4,000-க்கும் குறைவான இடம் என்பது நம்பிக்கை அல்ல, லாட்டரி என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் லாட்டரிச் சீட்டு வாங்கியவள் ஒவ்வொரு நாளும் பத்துச் சொல்லுக்குப் பொருள் கற்றுக்கொள்வதில்லை. தவிர, அவள் விட்டுவிட்டு வர நினைக்கும் தொழிலும் பத்திரமானதல்ல. ஒரு தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆவதற்கு 14 ஆண்டுகள் ஆயின. 2021 டிசம்பரில்தான் ஏறியது. நடுவில் வெளிநாட்டு லைட்டர்கள் வந்து குவிந்தன. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023-இல் மத்திய அரசு தடைசெய்தது. ஆபீஸின் கணக்குப்பிள்ளை இந்தத் தடையைத் தன் நம்பிக்கையாகச் சொன்னார். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“ஆபீஸ்லருந்து ஆபீஸுக்குத்தான் சார் போகப் போறேன். அங்க மேல ஃபேன் ஓடும்” என்றாள். மருந்து பறக்கும், குச்சி சிதறும் என்பதால் இங்கே தலைக்கு மேல் ஃபேன் கிடையாது.

ஐந்தாம் நாள்: சிவகாசி, ஆகஸ்ட் 29

சாத்தூர் வழியாகச் சிவகாசிக்கு வந்தேன். இந்த ஊரில் யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் அந்தக் கதை வந்துவிடுகிறது: 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறிக் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, மழை பெய்யாத இந்தக் கரிசல் பூமியில் தொழிலை நட்டது. உண்மையிலேயே பெரிய கதைதான். ஆனால் இன்று அதைச் சொன்னவர்களில் பலர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள். காலண்டர் அச்சகத்தில் தாள் சேர்க்கும் ஓர் அம்மாவிடம் நான் அந்தக் கதையை எடுத்தபோது அவர் குறுக்கிட்டார். “ரெண்டு பேரு ஒரு தடவ ரயிலேறுனது கதையாயிருச்சு. நாங்க தெனம் ஷேர் ஆட்டோ ஏறுறோம்.”

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிடுவதால், இப்போது அச்சகத்துக்குள் 2026 நடந்துகொண்டிருக்கிறது. தினசரித் தாள்கள் மாதவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வரிசை பிசகாமல் சேர்த்துத் தட்டிச் சமப்படுத்துவது இவர் வேலை. ஒரு தாள் விடுபட்டால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு நாளே இல்லாமல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே, தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் விசிறி போல் விரித்துப் பார்த்தார். “அடுத்த தீபாவளி ஞாயித்துக்கெழம வருது, பாத்தீகளா? ஒரு நாள் லீவு போச்சு.” நவம்பர் 8. உலகம் இன்னும் இந்த வருடத் தீபாவளிக்கே துணி எடுக்கவில்லை. இவர் அடுத்த வருடத்துத் தீபாவளியில் இழக்கப்போகும் விடுமுறைக்கு இப்போதே வருந்துகிறார்.

கிழிந்தும் மை கசிந்தும் கழிவாகும் தாள்களில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் வீட்டுக்கு எடுத்துப்போவாராம். இந்த முறை எடுத்து வைத்திருப்பது மே மாதத் தாள் ஒன்று. அந்த வாரத்தில்தான் அவருடைய ஏலச்சீட்டு முடிகிறது. அந்தப் பணத்தில் மூன்று வருடமாக அடகில் இருக்கும் கம்மலையும் சங்கிலியையும் மீட்க வேண்டும். அடகு வைத்தபோது சவரன் 40,000 ரூபாயை எட்டவில்லை. இன்று 75,000-ஐத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் வங்கிக்காரனாகிவிட்டேன். வருடா வருடம் வட்டி கட்டி அடகைப் புதுப்பிக்கிறீர்களா, ஏல அறிவிப்பு ஏதும் வந்ததா என்று விசாரித்தேன். கட்டிவருகிறார். அப்படியானால் விலை ஏறிய லாபம் முழுவதும் உங்களுக்குத்தான், கடன் கொடுத்தவருக்கு இல்லை என்றேன்.

“தெரியும் சார்” என்றார். “அடகுல கெடந்தாலும் என் கம்மல் வளருது.”

முப்பத்தோரு வருடத்தில் நகைக்கடன் வாங்க வந்தவர்களை நான் நெருக்கடியில் இருப்பவர்களாகவே பார்த்திருக்கிறேன். தங்கத்தைப் பெட்டகத்துக்குள் வைத்துவிட்டு அது வளர்வதை வெளியிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டதில்லை. கண்டிருப்பேன், கேட்டதில்லை. மீட்ட பிறகு அணிந்துகொள்வீர்களா என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஒரு மாசம் போட்டுக்குவேன். அப்புறம் திரும்ப வச்சுத் தம்பி மகனுக்கு ஆட்டோ எடுத்துக் குடுக்கணும். ஷேர் ஆட்டோதான்.” தினம் ஏறும் வண்டியில் ஒன்றாவது குடும்பத்துடையதாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஓடிய சிரிப்பு, கல்கத்தாக் கதை சொன்னவர்களின் முகத்தில் பார்த்ததுதான்.

ஆறாம் நாள்: பாம்பன், ஆகஸ்ட் 30

ராமநாதபுரம் வழியாக வந்து, சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து புதிய ரயில் பாலத்தைப் பார்த்தார்கள். கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக மேலே எழும் அந்த 72.5 மீட்டர் நடுப்பகுதி அசையாமல் நின்றது.

துறைமுகத்தில் இன்று ஒரே பேச்சு இறால் விலை. அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு விதித்த 50 சதவீத வரி 27-ஆம் தேதி அமலுக்கு வந்துவிட்டது. ஏற்றுமதிக்காரர்கள் கையைச் சுருக்குகிறார்கள் என்று ஒரு படகுத் தொழிலாளி சொன்னார். நான் விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தில் பேருந்தில் நின்றுகொண்டிருந்த அதே நாளில் இவருடைய பங்குத்தொகையின் மேல் எங்கிருந்தோ ஒரு கை விழுந்திருக்கிறது. இனி என்ன செய்வீர்கள் என்றேன். “நாங்க என்ன செய்ய? வரி போட்டவுக எடுக்கணும்” என்று வலையை உதறினார். அதற்கு மேல் அவர் பேச விரும்பவில்லை.

வடகடல் பக்கம் கடல்பாசி கட்டும் பெண்களிடம் உட்கார்ந்தேன். தென்மேற்குக் காற்று ஓங்கியிருக்கும் இந்த மாதங்களில் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் அடங்கியிருக்கும்; வாடைக் காற்று தொடங்கும்வரை இங்கே மிதவை போடலாம். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கயிற்றில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகப் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பாபைகஸ் என்பது அதன் பெயர். பெப்சி நிறுவனம் கொண்டுவந்து பழக்கியதால் ஊரில் இன்றும் ‘பெப்சி பாசி’. இதிலிருந்து எடுக்கும் பொருள் பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகிறது. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டிக் கடலில் விட்டால், 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வளரும். அதில் 60 கிலோவை மறுபடியும் விதைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயவைப்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மூன்று பெண்களையும் கரையேற்றிவிட்டதாகச் சொன்னார். நான் ஆறு நாளாகப் பல வாயில் கேட்ட சொல் இது. கடற்கரையில் கேட்கும்போது அதன் ஈரம் தெரிகிறது. பிள்ளைகள் கரையேறிய பிறகு பெற்றவர் என்ன ஆகிறார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. இவரிடம் கேட்டேன், ஆசை என்ற சொல்லைத் தொடாமல்: இனி எதற்காகப் பாசி கட்டுகிறீர்கள்?

“நாப்பத்தஞ்சு மிதவ வேணும்” என்றார்.

ஏன் நாற்பத்தைந்து என்று எனக்குப் பிடிபடச் சிறிது நேரமாயிற்று. ஒரு மிதவை விளைய 45 நாள். நாளுக்கொன்றாக 45 மிதவை கடலில் விட்டுவிட்டால், 46-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்று அறுவடைக்கு வரும். அறுத்த மிதவையிலேயே அன்று மாலை மறுபடியும் விதை கட்டிவிடலாம். வாடையும் புயலும் வந்து அழிக்காத வரை அதற்கு முடிவே இல்லை. முதலாளியும் வட்டியும் இல்லாத தினக்கூலி. எந்த வங்கிப் பயிற்சியிலும் இவ்வளவு துப்புரவான ஒரு பணப்புழக்கத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன் கடல் சூடாகி எல்லாப் பாசியும் வெளுத்து அழுகியபோது கையிலிருந்த இருபதும் போயிற்றாம். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

இப்போது முப்பத்தொன்று இருக்கிறது. இன்று கட்டிக்கொண்டிருப்பது முப்பத்திரண்டாவது.

கடைசிக் கயிற்றைக் கட்டி முடித்து, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் மிதவையைப் பிடித்து இடுப்பளவு தண்ணீருக்கு இழுத்துப்போனார்கள். கரையில் நின்ற அவர், இன்றிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் எது என்று கைபேசியில் பார்த்துச் சொல்லச் சொன்னார். அக்டோபர் 14 என்றேன். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால்.

“என்ன கெழம?”

“செவ்வாய்.”

“செவ்வாக்கெழம அறுக்க மாட்டேன். பொதன்னு வச்சுக்கங்க” என்றவர், மூங்கில் முனையில் கட்டுவதற்காக ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.